வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான், மற்றதெல்லாம் பிறகு. இங்கே அப்பா சௌக்கியம், சௌக்கியத்துக்கு மேலே இன்னொரு படி இருந்தால் அதிலும் ஏறி நிற்பார் போலிருக்கிறது. சின்னவனும் அவன் மனைவியும் நன்றாக இருக்கிறார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் உன் தம்பிக்கு வேலை கூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டு விடுகிறார்கள், எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் இவன்தான் ஓட வேண்டியிருக்கிறது. என் நலத்தை ஒரு வரியில் எழுதி முடிக்க முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயந்துவிடாதே, விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தோள்தான் போய்விட்டது, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் எழுத வருகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி சரி விடு என்று சொல்லிவிடுவேன், இது சின்ன வயதிலிருந்தே உனக்கு நன்றாகத் தெரியும். காகிதத்துக்குக் காது கிடையாது, அதனால் இதில் நான் நினைத்ததை முழுக்கச் சொல்லி முடிக்கலாம்.

போன வாரம் நீ அப்பாவோடு பேசியபோது நான் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்று கடைசியிலாவது சொல்வாய் என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன், நீ சொல்லவில்லை. பேசி முடித்ததும் அப்பா உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், இன்னொரு டம்ளர் குடித்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அப்புறம் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். உன் ஆராய்ச்சி மையத்துக்கு விசாரிக்க வரப்போகிறவரிடம், நர்ஸ் சொன்னதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டுமாம், நீயும் நானும் தாயும் மகளும் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாதாம், சொன்னால் உன் வேலைக்கே உலை வைத்துவிடுவார்களாம். இதை என்னிடம் கேட்க உனக்கு ஒரு தூதர் தேவைப்பட்டிருக்கிறார். அவரும் மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, அவ பாவம், தனியா அங்க என்ன பண்ணுவா என்று உனக்காக இரக்கப்பட்டார். கை தூக்க முடியாமல் எதிரில் நிற்கிறவளைப் பார்த்து அந்தப் பாவத்தில் ஒரு துளி தெளித்திருக்கலாம். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன், ஒரு கையால்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். வயதானவர்கள் நடந்தால், பயிற்சி செய்தால், சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு தள்ளிப்போகும், விழுந்து அடிபடுவது எவ்வளவு குறையும் என்று பல ஊர்களில் பார்க்கிற பெரிய ஆராய்ச்சிக்கு நீ தலைவியானபோது நான் என் வேலை இடத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். அதற்கு அடுத்த மாதமே போனில் ஒரே புலம்பல். நம் ஊர் மையத்தில் ஆள் சேரவில்லை, இந்த மாதத்துக்குள் சேராவிட்டால் மையத்தையே மூடிவிடுவார்கள், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துடுங்கம்மா, ஆபத்துக்கு உதவுங்க என்றாய். ஆராய்ச்சி நடத்துகிறவரின் வீட்டு ஆட்கள் அதில் சேரக்கூடாது என்று விதி இருக்கிறது என்பதையும் நீதான் சொன்னாய். சொன்ன கையோடு, யாருக்குத் தெரியப்போகுது, நீங்க என் அம்மான்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க என்றும் நீதான் சொன்னாய். உறவு எதுவும் தெரியக் கூடாது என்று அப்பா நம் வீட்டு முகவரியைக் கொடுத்தார், நான் சின்னவன் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். ஒரே வீட்டுக்காரர்களை ஒரே குழுவில்தான் போடுவார்களாம், அப்போதுதான் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து கணக்கைக் கெடுக்க மாட்டார்களாம். நாங்கள் ஒரே வீடு என்றே யாருக்கும் தெரியாதே, குலுக்கலில் அவர் நடைக் குழுவில் விழுந்தார், நான் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைத்த வழக்கக் குழுவில் விழுந்தேன். அந்த மையத்தின் சுவரில் உன் படம் மாட்டியிருக்கிறது, வெள்ளைக் கோட்டும் சிரிப்புமாக. அதற்குக் கீழே போட்ட பெஞ்சில் யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா எவ்ளோ சின்ன வயசு பாருங்க என்று அந்த நர்ஸ் சொன்னபோது, ஆமாம்மா, யார் பெற்ற பிள்ளையோ என்று சொன்னேன்.

நடைக் குழு என்றால் சும்மா இல்லை. அப்பாவுக்குப் புது ஷூ, கையில் கட்டிக்கொள்ள அசைவுகளை எண்ணுகிற பட்டை, பனியன், பூங்காவில் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர், கூடவே கதை பேசிக்கொண்டு நடக்க ஒரு கூட்டம். தண்ணீர் வாரியத்தில் நாற்காலி தேயத் தேய உட்கார்ந்திருந்த மனிதர், கடைத்தெருவுக்குப் போய்வரச் சொன்னால் முட்டி வலிக்கிறது என்றவர், தலைகால் புரியாமல் ஆடினார். குழுவுக்கே அவர்தான் இப்போது தலைவராம், எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுகிறார்களாம். வழக்கக் குழுவுக்கு என்ன தெரியுமா? ஒரு காகிதமும், அவ்வப்போது ரத்தம் எடுக்க ஓர் ஊசியும். புதுசா எந்தப் பயிற்சியும் ஆரம்பிக்காதீங்க, வழக்கம்போல இருங்க என்று அந்த நர்ஸ் எல்லோருக்கும் சொன்னதையேதான் எனக்கும் சொன்னாள். வழக்கம்போல் இருப்பதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அதைத்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அப்பா வீட்டில் கைப்பயிற்சி செய்யும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். நான் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டால் உன் கணக்கு கெட்டுவிடுமாம். உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று மூச்சு விடுகிற சத்தம் வரும், ஏதோ ராணுவ ரகசியம் தயாராகிற மாதிரி. வெளியே வந்து வியர்வைத் துணியை என் கையில் கொடுப்பார், அதைத் துவைப்பது வழக்கத்தில் சேர்ந்ததால் அதற்குத் தடையில்லை. மையத்தில் ஒருமுறை, ஓய்வு நேரத்தில் என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஓய்வு நேரம் எது என்று கேட்டேன். சரி, ஒன்றுமில்லை என்று போட்டுக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

ஆராய்ச்சி ஒரு வருடம், அது ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், எனக்குத் தோள் போனது. நான் வேலை செய்கிற விடுதிச் சலவைக்கூடம் நீ பார்த்ததுதான், பெரிய மிஷின்கள், தரையெல்லாம் ஈரம், சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக விரிப்புகள். ஒரு கல்யாணக் கூட்டம் வந்து தங்கிப் போன மறுநாள், மிஷின் வயிற்றுக்குள் விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகிக் கிடந்தன. ஈரத்தோடு ஒரு பிணத்தின் கனம். காலை ஊன்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன், தோளுக்குள் பட்டென்று ஏதோ விட்டுப்போயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி அம்மா ஐஸ் வைத்துவிட்டு, தெருமுனையில் இருக்கிற பிசியோதெரபிக்காரரிடம் கூட்டிப்போனாள். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள், அதுவரைக்கும் தினமும் இப்படிக் கையை மெதுவாக ஆட்டுங்கள் என்று சில பயிற்சிகள் சொன்னார். பயிற்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, தோளின் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். நீ எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாய், காற்றுச் சத்தம் கேட்டது. கை வலிக்குதுடி என்றேன். வேலையைக் கொறைச்சுக்கோங்கம்மா, வயசாகுதில்ல என்றாய். கையைத் தூக்கி இறக்கிப் பயிற்சி ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். அப்பாவைப் பாத்துப் பாத்து ஆசையா இருக்கா என்று சிரித்தாய், பிறகு, ஐயோ செய்யாதீங்கம்மா, ஏற்கெனவே உங்க குழுவிலதான் ஆளுங்க தெரியாம பயிற்சி செஞ்சு ஏமாத்துறாங்க, உங்களையாவது நம்பி இருக்கேன், முடிவு வர்ற வரைக்கும் வழக்கம்போல இருங்க என்றாய். யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய்.

என் தோள் அறுந்தது உனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாய், அந்த அளவுக்கு உன்னை மோசமாக நினைக்கவில்லை. ஆனால் கை வலிக்கிறது என்று சொன்னேனே, அது உன் காதில் விழுந்தது, பதிலும் சொன்னாய். எந்தக் கை, எங்கே வலி, எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முன்பின் தெரியாத ஜனங்களைப் பற்றி எத்தனையோ பக்கம் கேள்வி தயாரிக்கிறவள் நீ. மையத்திலும் அப்படித்தான், ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் விழுந்தீர்களா என்று கேட்பார்கள். நான் விழவில்லை, இல்லை என்றேன். டாக்டரிடம் போனீர்களா என்பார்கள். போகவில்லை, இல்லை என்றேன். டாக்டரிடம் போனால் அவர் கட்டாயம் பயிற்சி கொடுப்பார், பயிற்சி செய்தால் உன் கணக்கில் ஓர் ஆள் கெட்டுப்போவாள் என்று எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் ஏமாற்றுகிற குழுவில் டாக்டரைப் பெற்றவளாவது நேர்மையாக இருக்க வேண்டாமா என்று ஒரு வீம்பு. அசட்டுத்தனம் என்று சின்னவன் சொல்கிறான். இருக்கட்டும்.

ஒரு வருடம் எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டாமா? தலை வார முடியாது, மருமகள் வேலைக்குப் போகிற அவசரத்திலும் வழியில் வந்து வாரிவிட்டுப் போகிறாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சட்டையை இடது கையால்தான் மாட்டுகிறேன், முதுகுப் பக்கம் இழுத்துவிட ஆள் வேண்டும். மேல் அலமாரியில் இருந்த டப்பாக்களெல்லாம் கீழே இறங்கிவிட்டன, நம் சமையலறையே குட்டையாகிப்போன மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போகும். சலவைக்கூடத்தில் மிஷின் பக்கம் விடவில்லை, மடிக்கிற மேசைக்கு மாற்றினார்கள், இப்போது அதுவும் முடியாமல் கிழிந்த விரிப்புகளுக்குத் தையல் போட மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கொடியில் துணி காயப்போடுவது உன் அப்பா. இதைக் கேட்டால் சிரிப்பாய். துணி காயப்போடும்போது கை மேலே போய்க் கீழே வருவதை அவர் கையில் கட்டிய பட்டை உடற்பயிற்சி என்று சேர்த்துக்கொள்கிறதாம், சாயங்காலம் பூங்காவில் கேப்டனுக்குக் கைதட்டல். நீங்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து அதே கொடியில் நான் போட்ட துணியெல்லாம் வழக்கத்தில் போயிற்று, அவர் போடுகிற நாலு துண்டு மருத்துவமாகிவிட்டது. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, சர்க்கரை நிஜமாகவே குறைந்திருக்கிறது, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது, உன் ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. நடப்பது நல்லதுதான். நடக்க நேரமும் ஷூவும் கொடுத்து, வீட்டில் சோறு பொங்கி வைக்க ஓர் ஆளையும் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லதுதான்.

வருடம் முடிந்தது, இனி உன் கணக்கு கெடாது என்று நினைத்து எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்தார். தோளில் கையைத் தூக்கிப் பிடிக்கிற நார் அறுந்து, சுருங்கி உள்ளே போய்விட்டது, சதையும் கொழுப்பாக மாறிவிட்டது என்றார். அடிபட்டதும் வந்திருந்தா தைச்சிருக்கலாமேம்மா, இப்ப தைச்சா நிக்காது, இத்துப்போன துணியில தையல் நிக்குமா என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கிறார். நாள் முழுக்க இத்துப்போன விரிப்பில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறவள் நான், அவர் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. பயிற்சி செய்தால் வலி குறையலாம், கை இனி தலைக்கு மேலே போகாது என்றார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அதன் பிறகுதான் மையத்தில் கடைசிப் பரிசோதனை. இரண்டு கையையும் மேலே தூக்குங்க என்றாள் அந்த நர்ஸ், ஒன்றுதான் போயிற்று. விளையாடாதீங்க ஆன்ட்டி என்று சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டாள், நீங்கதானம்மா வழக்கம்போல இருக்கச் சொன்னீங்க என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. நோய் வந்தால், அடிபட்டால் தாராளமாக வைத்தியம் பார்க்கலாம், அதற்கு எந்தக் குழுவிலும் தடையே இல்லை, ஆராய்ச்சியில் யாரையும் அப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது. நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அவள்தான் நேர்மையாக மேலே எழுதிப் போட்டிருக்கிறாள், மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் வந்ததுதான் இந்த விசாரணை.

இப்போது நீ சொல்லச் சொல்கிற பொய்யை எடுத்துக்கொள். நர்ஸ் சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னால், சரியாகச் சொல்லவில்லை என்று அவள் தலையில்தான் விடியும். அவள் ஒப்பந்த வேலைக்காரி, உனக்கு இருப்பதுபோல அவளுக்குச் சுவரில் படம் கிடையாது. படுத்த படுக்கையாக ஓர் அப்பாவை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் ஒருமுறை சொன்னாள். அவள் எனக்குச் சொன்னதில் தப்பே இல்லை. அவள் சொன்னது புதுப் பயிற்சி வேண்டாம் என்று, அதை என் அறுந்த தோள் வரைக்கும் கொண்டுவந்தது உன் போன். விசாரிக்க வருகிறவர் கேட்கப்போகிற முதல் கேள்வி என்னவென்று அவளே சொன்னாள். பிசியோதெரபிக்காரர் போ என்று சொல்லியும் ஏன் போகவில்லை, போக வேண்டாம் என்று யார் சொன்னது என்பதுதான் கேள்வி. அதற்கு உண்மையில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. நீ அதைப் பூசி மெழுகச் சொல்கிறாய்.

இன்னொரு விஷயமும் சொல்கிறேன், இதை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. கடைசிப் பரிசோதனை அன்றைக்குப் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிறவள் உட்கார்ந்திருந்தாள், அவளும் வழக்கக் குழுதான். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பெரிய அண்டாவை இறக்கும்போது பிசகியதாம். டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். ஆராய்ச்சி முடியட்டும்னு இருக்கேன், நடுவுல எதையும் மாத்தக் கூடாதில்ல என்றாள். நான் ஒருத்தி மட்டும் அசடு என்று நினைத்திருந்தேன். அவளுக்கு இதில் மகளும் இல்லை, மருமகனும் இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற குணம், அவ்வளவுதான். மேலே போகாத என் கையைக் காட்டி, போய் உடனே டாக்டரைப் பாரு என்று எவ்வளவோ சொன்னேன். நீங்க சொன்னா ஆச்சா, அவங்கல்ல சொல்லணும் என்று சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டினாள். இப்போது நீ இரண்டாம் கட்டம் வேறு ஆரம்பிக்கிறாயாம், அதே குழு, அதே வழக்கம்போல, இன்னும் சில வருடம். இன்னும் எத்தனை பேர் எந்தெந்த வீட்டில் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. நான் என் பாட்டுக்குத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டு வந்தால், விசாரணை முடிந்தது, கிழவிக்குப் புரியவில்லை என்று கோப்பைக் கட்டி வைத்துவிடுவார்கள். அந்தச் சமையல்காரி முழங்காலை யார் கேட்பார்கள்?

பாதி வருடக் கணக்கை வைத்து நீ எழுதிய கட்டுரை ஏதோ பெரிய பத்திரிகையில் வந்திருப்பதாகச் சின்னவன் போனில் வாசித்துக் காட்டினான். நடைக் குழுவில் விழுந்து அடிபடுவது குறைந்திருக்கிறதாம், நல்ல விஷயம். எங்களைப் பற்றி எழுதிய இடத்தில், உடலியக்கம் குறைந்த வாழ்க்கைமுறை கொண்டவர்கள் என்று போட்டிருக்கிறாய். சின்னவன் அந்த வரியை வேகமாகத் தாண்டப் பார்த்தான், நான் திரும்ப வாசிக்கச் சொன்னேன். என் உடம்பு இயங்காமல் இருந்த காலம் எது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், உன்னைச் சுமந்துகொண்டு சலவைக்கூடத்தில் நின்றதுகூட இயக்கத்தில் வராது போலிருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன் என்று தள்ளிவிடாதே. கோபம்தான், மறைக்கவில்லை. நீ இப்படி ஆகிவிட்டாயே என்கிற துக்கமும் இருக்கிறது, எது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். விசாரிக்கிறவர் அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை வருகிறார். இந்தக் கடிதம் அதற்கு வெகு முன்னாலேயே உன் கைக்கு வந்துவிடும், யோசிக்கவும் நாள் இருக்கும், கணக்குப் பார்த்துத்தான் சின்னவனிடம் தபாலில் போடச் சொல்கிறேன். அவர் கேட்டால் நான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அப்பா தன் பங்குக்கு என்ன சொல்வாரோ அது அவர் பாடு, நடுவில் கேப்டன் பதவி போய்விடுமே என்று அவருக்கு வேறு கவலை. அதற்கு முன்னால் நீயே உன் மேலதிகாரிகளிடம் சொல்லிவிடு. பெற்றவர்களைச் சேர்த்தேன், உறவை மறைக்கச் சொன்னேன், அம்மா கேட்டபோது வேண்டாம் என்று சொன்னேன் என்று நீயே உன் வாயால் சொல். வழக்கக் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது என்றால் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஏற்பாடு செய், அந்த முழங்கால்காரியை முதலில் கூப்பிடு. வேலை போனால் போகட்டும் என்று நான் லேசாகச் சொல்லவில்லை. நீ எவ்வளவு படித்து, எவ்வளவு தூரம் போய் அந்த நாற்காலியைப் பிடித்தாய் என்று எனக்குத் தெரியாதா. போனாலும் நீ பிழைத்துக்கொள்வாய், உனக்குப் படிப்பு இருக்கிறது, இரண்டு கையும் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊராரை நட நட என்று சொல்கிறாயே, நீ நடக்கிறாயா? மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாயங்காலத்தில் கொஞ்சம் வெளியே போய்வா. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மறைக்காதே, வீட்டுக்குள்ளேயும் மறைக்கிற பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் போகாது. நீயும் அவரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். கோபத்திலும் அதில் ஒரு பிடி குறையாது.

வியாழக்கிழமையை மட்டும் மறந்துவிடாதே. அந்த டாக்டர் என் மகள் என்று அன்றைக்கு அவரிடம் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இதுவரைக்கும் இந்த வார்த்தையைச் சொன்ன இடத்திலெல்லாம் தலை நிமிர்ந்துதான் சொல்லியிருக்கிறேன். நீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

உன்னைப் பெற்றவள்